ஸ்கேன் முடிந்த பின்பு

செல்லுலாய்டு படச்சுருளுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. யாரும் கவனிக்காமல் விட்டாலும் அது சில காலம் தானாகவே பிழைத்துக் கிடக்கும். ஈரமும் வெப்பமும் அதிகம் தாக்காத அறையில் தகர டப்பாவுக்குள் கிடந்த சுருளை ஐம்பது ஆண்டுகள் கழித்து எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், கீறல் விழுந்திருந்தாலும் நிறம் வெளிறியிருந்தாலும், அதில் இருப்பது என்ன காட்சி என்பதை வெறுங்கண்ணாலேயே சொல்லிவிடலாம். அதே காட்சி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பாக இருக்குமானால், அலமாரியில் பத்தாண்டு கிடந்த அந்த டிஸ்க் மீண்டும் சுழல வேண்டும், அதை இணைக்கும் வடம் கடையில் கிடைக்க வேண்டும், கோப்பின் வடிவத்தைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் அன்றைய கணினியில் ஓட வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் படம் மங்கலாகத் தெரிவதில்லை, அடியோடு தெரியாமல் போகிறது. திரைப்படம், வீடியோ, ஒலிப்பதிவு ஆகியவற்றின் டிஜிட்டல் தொகுப்புகளைப் பராமரிப்பதில் எழும் நடைமுறைச் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கிறது.

இந்தியாவில் டிஜிட்டலாக்கம் ஒரு மீட்பராக வரவேற்கப்பட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆர். நடராஜ முதலியார் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமாகக் கருதப்படும் ‘கீசக வதம்’ இன்று இல்லை; 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்தின் பிரதியும் இல்லை. 1950களின் தொடக்கம் வரை உலகெங்கும் புழங்கிய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது; 2003 ஜனவரியில் புணேயில் நைட்ரேட் சுருள்கள் வைக்கப்பட்டிருந்த கிடங்கில் பற்றிய தீ, இந்தியாவின் தொடக்ககாலப் படங்கள் பலவற்றின் மூலச்சுருள்களைக் கொண்டுபோனது. அதற்குப் பின்வந்த அசிட்டேட் சுருள் எளிதில் தீப்பற்றுவதில்லை என்றாலும், ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. அந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டுவதால், டப்பாவைத் திறந்ததும் காடி நாற்றம் அடிக்கும் ஒரு சுருள் பக்கத்துச் சுருள்களுக்கும் ஆபத்தாகிறது. காப்பகத்தார் இதை ‘வினிகர் சிண்ட்ரோம்’ என்கிறார்கள். கடலோர நகரமான சென்னையின் காற்றில் இத்தகைய சுருள்களைக் காப்பதற்கு, ஆண்டு முழுவதும் நிற்காமல் ஓடும் குளிரூட்டியும் ஈரம் நீக்கியும் வேண்டும். ஆகவே சுருளை ஸ்கேன் செய்து கணினிக்குள் ஏற்றிவிட்டால் கவலை விட்டது என்ற எண்ணம் எளிதில் வேரூன்றியது.

அந்த எண்ணத்தின் விலை என்ன என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும்.

பதினோரு டெராபைட்

முப்பத்தைந்து மில்லிமீட்டர் சுருளின் ஒரு சட்டகத்தை 4கே எனப்படும் நுணுக்கத்தில் முழுமையாக ஸ்கேன் செய்தால், அகலவாக்கில் 4,096 புள்ளிகளும் உயரவாக்கில் 3,112 புள்ளிகளும் கிடைக்கின்றன. காப்பகங்கள் பரவலாகப் பயன்படுத்தும் டிபிஎக்ஸ் வடிவத்தில் ஒவ்வொரு சட்டகமும் ஒரு தனிக் கோப்பு; சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா 10 பிட் என்று வைத்தால் புள்ளி ஒன்றுக்கு 4 பைட், சட்டகம் ஒன்றுக்கு ஏறத்தாழ 51 மெகாபைட். வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் ஒன்றில் 2,16,000 சட்டகங்கள் இருக்கும். அதாவது ஒரே படத்துக்கு, சீரமைப்பு வேலை தொடங்கும் முன்பே, 11 டெராபைட் இடம் வேண்டும். கீறல், அழுக்கு, நிறமங்கல் ஆகியவை நீக்கப்பட்ட சீரமைத்த பிரதி அதே அளவில் இன்னொன்று. இவை இரண்டையும் வெவ்வேறு இடங்களில் மும்மூன்று பிரதிகளாக வைத்தால் கணக்கு 66 டெராபைட்டில் போய் நிற்கிறது. ஆயிரம் படங்கள் உள்ள காப்பகத்தின் பொறுப்பாளர் இந்தப் பெருக்கலைச் செய்துபார்த்த பிறகுதான் ஸ்கேனருக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவது நல்லது.

ஒலியின் கணக்கு இதைவிடச் சாதுவானது. வினாடிக்கு 96,000 முறை மாதிரி எடுத்து, ஒவ்வொரு மாதிரியையும் 24 பிட்டில் எழுதுவது ஒலிக் காப்பகங்களில் இன்று பரவலாக உள்ள வழக்கம். இரு தடங்கள் கொண்ட ஒரு மணி நேரப் பதிவுக்கு அது ஏறத்தாழ 2 ஜிகாபைட் ஆகிறது. எனவே ஒரு சங்கீத சபையின் அரை நூற்றாண்டுக் கச்சேரிப் பதிவுகள், ஒற்றைத் திரைப்படத்தின் ஸ்கேனைவிடக் குறைந்த இடத்திலேயே அடங்கிவிடக்கூடும். இந்த ஏற்றத்தாழ்வு தெரியாமல் ‘ஒலி ஒளி ஆவணங்கள்’ என்று ஒரே தலைப்பில் நிதி கேட்கும்போது, இரண்டுக்குமே தவறான தொகை ஒதுக்கப்படுகிறது.

செலவைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய அமைப்பு, வியப்புக்குரிய வகையில், ஹாலிவுட்டின் ஆஸ்கர் அகாதமிதான். அதன் அறிவியல் தொழில்நுட்பக் குழு 2007இல் வெளியிட்ட ‘தி டிஜிட்டல் டைலமா’ என்னும் அறிக்கை, ஒரு படத்தின் 4கே டிஜிட்டல் மூலப்பிரதியைக் காக்க ஆண்டுக்கு 12,514 டாலர் ஆகும் என்றும், அதே படத்தைச் சுருளாகக் காக்க 1,059 டாலர் போதும் என்றும் கணக்கிட்டது. சேமிப்புச் சாதனங்களின் விலை அதன் பிறகு பெரிதும் இறங்கிவிட்டதால் அந்த எண்கள் பழையவை. ஆனால் அறிக்கை சுட்டிய செலவின் தன்மை மாறவில்லை: சுருளுக்கான செலவில் பெரும்பகுதி கட்டடத்துக்கும் குளிருக்கும் உரியது; கோப்புக்கான செலவோ மின்சாரம், கருவிமாற்றம், ஆள்சம்பளம் என்று நிற்காமல் திரும்பத் திரும்ப வருவது. ஒருமுறை மானியத்தில் ஓடும் நிறுவனத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் செலவைப் போல அச்சமூட்டுவது வேறொன்றில்லை.

எந்தப் பிரதி மூலப்பிரதி?

தமிழ்த் திரைத்துறையில் ‘நெகட்டிவ் ரைட்ஸ்’ என்ற சொல்லுக்கு நீண்டகாலமாக முழு உடைமை என்றே பொருள். நெகட்டிவ் யாரிடம் இருக்கிறதோ, அவரிடமே படம் இருக்கிறது. லேபில் அது எந்தப் பெயரில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதே வழக்குகளிலும் கடன் பத்திரங்களிலும் எழும் கேள்வி. படப்பிடிப்பே டிஜிட்டலுக்கு மாறிய பிறகு இந்தச் சொல் ஒப்பந்தங்களில் எஞ்சியிருந்தாலும், அது சுட்டிய பொருள் கரைந்துவிட்டது. கேமரா எழுதிய மூலக்கோப்புகள், படத்தொகுப்பு மென்பொருளின் திட்டக்கோப்பு, நிறம் திருத்திய இறுதிச் சட்டகங்கள், வசனம், பின்னணி இசை, ஒலி விளைவு எனத் தனித்தனியாக உள்ள ஒலித்தடங்கள், திரையரங்குக்குப் போன பொதி, தொலைக்காட்சிக்கும் இணையத் தளத்துக்கும் போன பிரதிகள் என ஒரே படம் பல உருவங்களில் பல நிறுவனங்களின் டிஸ்க்குகளில் கிடக்கிறது. இவற்றுள் எது அழிந்தால் படம் அழிந்ததாகக் கொள்வது என்று முடிவுசெய்வதே காப்பாளரின் முதல் வேலை.

திரையரங்குப் பொதியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். டிசிபி என்று அழைக்கப்படும் அது, அமெரிக்க ஸ்டுடியோக்கள் சேர்ந்து 2005இல் வெளியிட்ட விதிமுறையிலிருந்து பிறந்தது. சட்டகங்கள் ஜேபெக் 2000 என்னும் முறையில் சுருக்கப்பட்டு, வினாடிக்கு 250 மெகாபிட் என்ற உச்சவரம்புக்குள், ஒலியோடு சேர்த்துக் கட்டப்படுகின்றன. இரண்டரை மணி நேரப் படம் அதில் 280 ஜிகாபைட் அளவுக்குள் அடங்கிவிடுவதால், அதையே பத்திரப்படுத்தினால் போதும் என்று தயாரிப்பாளர் நினைப்பது இயல்பு. ஆனால் வணிகப் படங்களின் பொதி பெரும்பாலும் பூட்டப்பட்டது. அதைத் திறக்கும் சாவி, இன்ன திரையரங்கின் இன்ன கருவியில், இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை மட்டுமே செல்லும்படி எழுதப்பட்ட சிறு கோப்பு. வெளியீட்டு நாளின் முதல் காட்சி ‘கேடிஎம் வரவில்லை’ என்று தள்ளிப்போகும்போது தமிழ் ரசிகர்கள் காத்திருப்பது இந்தச் சாவிக்காகத்தான். சாவியை உண்டாக்கத் தேவையான மூலக்குறியீடு தொலைந்துவிட்டால், ஒரு பிட் கூடச் சேதமாகாத பொதியும் யாராலும் பார்க்கமுடியாத படமாகிவிடும். ஆகவே பூட்டாத பொதியையும், அதற்கு முந்தைய நிலையில் உள்ள சுருக்கப்படாத சட்டகங்களையும் கேட்டு வாங்குவது காப்பகங்களின் வழக்கம். திருட்டுப் பிரதி குறித்த அச்சம் நிறைந்த துறையில் தயாரிப்பாளர்கள் அதற்கு எளிதில் இணங்குவதில்லை என்பதும் உண்மை.

சீரமைத்த பழைய படங்களுக்குச் சந்தை உண்டு என்பதை 2012இல் மறுவெளியீடு கண்ட ‘கர்ணன்’ தமிழ்நாட்டில் நிறுவியது. சந்தைக்காகச் செய்யப்படும் சீரமைப்பும் காப்பகத்துக்காகச் செய்யப்படும் சீரமைப்பும் ஒன்றல்ல என்பது அந்த உற்சாகத்தில் மறக்கப்பட்டது. ஏறக்குறையச் சதுரமான பழைய சட்டகத்தின் மேலும் கீழும் வெட்டி அகலத்திரைக்குப் பொருத்துவதும், ஒற்றைத் தட ஒலியை ஆறு ஒலிபெருக்கிகளுக்குப் பிரிப்பதும், புதிதாக இசை சேர்ப்பதும் இன்றைய ரசிகரை இழுக்கலாம்; அவற்றைச் செய்வதில் குற்றமும் இல்லை. வெட்டாத சட்டகமும் பிரிக்காத ஒலியும் தனியே, முதன்மைப் பிரதியாக, காக்கப்பட்டிருக்கின்றனவா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அப்படிக் காக்கப்படவில்லை என்றால், சீரமைப்பு என்ற பெயரில் நடந்தது மற்றொரு வகை இழப்பு.

கருவி இல்லாத நாடா

வீடியோ, ஒலி நாடாக்களின் நிலை சுருளைவிட மோசமானது. சுருளை ஒளிகொண்டு பார்த்துவிடலாம். காந்த நாடாவை அதற்கென்றே செய்யப்பட்ட கருவியில் ஓட்டினால் ஒழிய அதில் உள்ளதை அறிய வழியில்லை. அந்தக் கருவிகளின் உற்பத்தியோ நின்றுவிட்டது. வீட்டு விசிஆர் கருவியைக் கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் நிறுத்திக்கொண்டது. தொலைக்காட்சி நிலையங்களில் ஓடிய யு-மேட்டிக், பீட்டாகேம் கருவிகளுக்கு இன்று பழுதான ஒன்றைப் பிரித்துத்தான் மற்றொன்றுக்கு உதிரிபாகம் எடுக்க முடிகிறது. காந்த நாடாவில் உள்ளவற்றை 2025க்குள் மாற்றாவிட்டால் பெரும்பகுதியை என்றுமே மாற்ற இயலாமல் போகும் என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலிக் காப்பகம் முன்பே எச்சரித்தது. யுனெஸ்கோவும் அதை ஒட்டிய எச்சரிக்கையை உலகக் காப்பகங்களுக்கு விடுத்தது. அந்த ஆண்டு எந்தச் சலனமும் இல்லாமல் வந்துபோயிற்று.

நாடாவின் சிக்கல் கருவியோடு முடிவதில்லை. காந்தத்துகளை நாடாவின் மீது ஒட்டவைக்கும் பசை சில பத்தாண்டுகளில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசகசக்கிறது. அப்படியே ஓட்டினால் துகள் பெயர்ந்து கருவியின் தலைப்பகுதியில் அப்பிக்கொள்ளும். அத்தகைய நாடாவை ஏறத்தாழ 50 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வாட்டி எடுத்தால் பசை தற்காலிகமாக இறுகும், அந்தச் சில நாட்களுக்குள் ஓட்டிப் பதிவுசெய்துவிட வேண்டும். கேசட்டுகளில் தலைப்பகுதியின் சாய்வை ஒவ்வொரு நாடாவுக்கும் திருகித் திருத்தினால்தான் உச்ச ஒலிகள் தெளியும். வாட்டும் நேரம் போகவே, இவையெல்லாம் ஒரு மணி நேர நாடாவுக்கு மூன்று மணி நேரம் வரை ஆகக்கூடிய வேலைகள். வேகத்தைக் கூட்டவும் வழியில்லை. நாடா அதன் நேரத்தில்தான் ஓடும்.

பழைய இசைத்தட்டில் வேலை இன்னும் நுட்பமானது. ‘78 சுழற்சித் தட்டு’ என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், 1920களுக்கு முந்தைய தட்டுகள் நிமிடத்துக்கு 78 சுழற்சியில்தான் பதியப்பட்டன என்பதற்கு உறுதியில்லை. 80 சுழற்சியில் பதிந்ததை 78இல் ஓட்டினால் பாடகரின் சுருதி ஏறக்குறையக் கால் கட்டை இறங்கும். 74இல் பதிந்ததை 78இல் ஓட்டினால் ஏறக்குறைய அரைக் கட்டை ஏறும். ஒரு பாடகர் எந்தக் கட்டையில் பாடினார், எவ்வளவு விரைவாகப் பாடினார் என்பதைத் தட்டை வைத்து ஆராய்வோர், வேகத்தைக் குறித்துவைக்காத டிஜிட்டல் பிரதியை நம்பினால் ஆய்வே பிழையாகிவிடும். எனவே எந்த வேகம், எந்த அளவு ஊசி, எந்தக் கருவி என்பவற்றைப் பதிவோடு சேர்த்து எழுதிவைப்பதும், கரகரப்பு நீக்கும் வேலையை முதன்மைப் பிரதியில் செய்யாமல் கேட்பதற்கான பிரதியில் மட்டும் செய்வதும் இத்துறையின் அடிப்படை ஒழுக்கங்கள். கரகரப்பை நீக்கும் மென்பொருள் ஆண்டுக்கு ஆண்டு மேம்படுகிறது. இன்றைய மென்பொருள் கரகரப்பென்று எண்ணித் தின்றுவிட்ட தம்புராவின் நாதத்தை நாளைய மென்பொருளால் திருப்பித் தர இயலாது.

பெயர் என்னும் பெருஞ்சிக்கல்

கோப்பு அழிவதைவிட அதிகமாக நடப்பது கோப்பு தொலைவது. டிஸ்க்கில் பத்திரமாக இருந்தும், எது எதுவென்று தெரியாமல் போவது. இதைத் தடுப்பது மீத்தரவு, அதாவது ஒரு கோப்பில் உள்ளது என்ன, யார் உருவாக்கியது, எப்போது, எதிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது, உரிமை யாருடையது என்பவற்றைச் சொல்லும் தகவல். புதிய சொல்லாக இருந்தாலும் செயல் பழையது. இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு 1902இல் தொடங்கியபோது, கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். மொழி தெரியாத ஜெர்மன் ஆலையில் தட்டு அச்சாகும்போது, எந்தத் தட்டுக்கு எந்தப் பெயர்ச்சீட்டு என்று குழம்பாமல் இருக்கவே அந்த ஏற்பாடு என்பர். இன்று ஒலிக்காப்பகங்கள் பயன்படுத்தும் பிராட்காஸ்ட் வேவ் கோப்பின் தலைப்பகுதியில் விவரம் எழுத ஒதுக்கப்பட்டிருக்கும் இடம் செய்வதும் அதே வேலையைத்தான்: பெயர் பாட்டைவிட்டுப் பிரியாதபடி பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

தமிழ்த் தொகுப்புகளில் பெயர்ச் சிக்கல் இரண்டு மடங்கு. ‘பில்லா’ என்றால் 1980இலும் ஒன்று, 2007இலும் ஒன்று. ‘படிக்காதவன்’ 1985இலும் உண்டு, 2009இலும் உண்டு. தியாகராஜ பாகவதரின் பெயர் முழுதாகவும் முன்னெழுத்தாகவும் ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டல்களிலும் கிடைக்கிறது. ஆகவே படத்தின் பெயரைக் கோப்பின் பெயராக வைக்காமல், பொருளற்ற ஒரு தனி எண்ணைக் கோப்புக்குச் சூட்டி, பெயர், ஆண்டு முதலிய எல்லாவற்றையும் அந்த எண்ணுக்கு எதிரே பட்டியலில் எழுதுவதே சரியான முறை. இதற்கு எழுத்துச் சார்ந்த காரணமும் ஒன்று இருக்கிறது. ஒருங்குறியில் ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை இரண்டாவது வகையில் பிரித்து எழுதியது, மற்றவை தட்டச்சு செய்தபடியே வைத்துக்கொண்டன. விளைவாக, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போன தமிழ்ப் பெயர்க் கோப்பு, கண்ணுக்கு அதே பெயராக இருந்தும், பட்டியலோடு ஒப்பிடும் மென்பொருளால் ‘காணவில்லை’ என்று அறிவிக்கப்படக்கூடும்.

ஒருங்குறிக்கு முந்தைய காலத்தில் பாமினி, வானவில் முதலிய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பட்டியல்களின் கதி இன்னும் கேடானது. எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றுவதால், விவரம் தெரியாதவர் அழித்துவிட வாய்ப்புண்டு. படங்களைக் காப்பதற்கு முன் படங்களின் பட்டியலைக் காக்கவேண்டிய நிலை இது. 1928இல் பிறந்து 2016இல் மறைந்த ‘ஃபிலிம் நியூஸ்’ ஆனந்தன், தமிழ்ப் படங்களின் பெயர், வெளியீட்டு நாள், நடித்தவர், உழைத்தவர் என்று திரட்டிய தகவல்கள் 2004இல் நூலாகவும் வெளிவந்தன. கணினி அறியாத காலத்தில் தனியொருவர் செய்த அந்த மீத்தரவு வேலை இல்லாவிட்டால், இன்று ஸ்கேன் செய்யப்படும் பெயர்ச்சுருள் அற்ற எத்தனையோ படங்களை அடையாளம் காண வழியிருக்காது. அரசுத் திட்டங்களில் ஸ்கேனருக்குக் கிடைக்கும் மரியாதை பட்டியலாளருக்குக் கிடைப்பதில்லை. உண்மையில் ஸ்கேனர் வாடகைக்குக் கிடைக்கும், பட்டியலாளர் கிடைப்பதில்லை.

எண்ணிப் பார்த்துக்கொண்டே இருத்தல்

கோப்பு மாறாமல் இருக்கிறதா என்பதை அறிய ‘செக்சம்’ என்ற உத்தி பயன்படுகிறது. கோப்பின் எல்லாப் பிட்டுகளையும் ஒரு கணிதச் சூத்திரத்தில் செலுத்தி, கைரேகை போன்ற ஒரு குறுகிய எழுத்துத் தொடரைப் பெறுவதே அது. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் தொடர் முற்றிலும் வேறாகிவிடும். கோப்பு காப்பகத்துக்குள் வரும்போதே இந்தத் தொடரை எழுதிவைத்து, நகல் எடுக்கும்போதெல்லாம் ஒப்பிட்டு, அதற்கு மேலும் குறித்த கால இடைவெளியில் எல்லாக் கோப்புகளையும் மறுபடி படித்துச் சரிபார்க்க வேண்டும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் கலிஃபோர்னிய டிஜிட்டல் நூலகமும் உருவாக்கிய ‘பேக்இட்’ என்னும் எளிய முறை, கோப்புகளையும் அவற்றின் செக்சம் பட்டியலையும் ஒரே உறைக்குள் கட்டி அனுப்ப உதவுகிறது. சரிபார்ப்பு என்பது சொல்லுக்குச் சின்னது, செயலுக்குப் பெரியது: முன்சொன்ன 11 டெராபைட் படத்தை, வினாடிக்கு 400 மெகாபைட் வேகத்தில் படிக்கும் நவீன நாடாக்கருவியில் ஒருமுறை முழுதாகப் படிக்க ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகும். நூறு படங்களுக்கு ஒரு கருவி ஒரு மாதத்துக்கும் மேல் இரவுபகலாக ஓட வேண்டும்.

நகல் இருக்கிறது என்ற நம்பிக்கை நகல் ஆகாது என்பதற்கு உலகறிந்த உதாரணம் ‘டாய் ஸ்டோரி 2’. 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் மளமளவென்று அழிந்தன. காப்புநகலைத் திறந்தபோதுதான் அது ஒழுங்காக எழுதப்படவில்லை என்பது தெரிந்தது. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலைபார்த்த கேலின் சூஸ்மனின் கணினியில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது. மூன்று பிரதிகள், இரு வகைச் சாதனங்கள், ஒன்றாவது வேறு ஊரில் என்ற பொதுவிதியோடு, ஆண்டுக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்பை நகலிலிருந்து உண்மையிலேயே மீட்டுப் பார்ப்பதையும் காப்பகங்கள் வழக்கமாகக் கொள்வது இத்தகைய அனுபவங்களால்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட சென்னையில் ‘வேறு ஊர்’ என்பதன் பொருளை விளக்கத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த ஈழத்தமிழருக்கு அது இன்னும் தெளிவு. 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும், பின்னர் ஒலி, காணொளி ஆவணங்களையும் டிஜிட்டலாக்கி எல்லோர்க்கும் திறந்துவைத்ததன் பின்னால் அந்த நினைவு இருக்கிறது.

பெரிய தொகுப்புகளுக்கு மலிவான சேமிப்பு எல்டிஓ எனப்படும் காந்த நாடாதான். நாடாவிலிருந்து மீட்டதை மீண்டும் நாடாவிலேயே வைக்கும் முரண் இத்துறையின் அன்றாட நகைச்சுவை. எல்டிஓ 2000ஆம் ஆண்டில் தொடங்கி, தலைமுறை தலைமுறையாகக் கொள்ளளவு கூடி வந்துள்ளது. 2012இன் ஆறாம் தலைமுறை நாடா 2.5 டெராபைட், 2021இன் ஒன்பதாம் தலைமுறை நாடா 18 டெராபைட் கொள்ளும். ஏழாம் தலைமுறை வரையிலான கருவிகள் தமக்கு முந்தைய இரு தலைமுறை நாடாக்களைப் படித்தன. 2017இல் வந்த எட்டாம் தலைமுறைக் கருவியோ ஒரே ஒரு தலைமுறைதான் பின்னோக்கிப் படிக்கும். ஆகவே 2012இல் வாங்கிய நாடா, துளியும் கெடாத நிலையிலும், ஐந்தே ஆண்டில் புதுக்கருவிக்கு எட்டாததாகிவிட்டது. நாடா முப்பது ஆண்டு உழைக்கும் என்று விற்பவர் சொல்வது பொய்யல்ல, அதைப் படிக்கும் கருவி அவ்வளவு காலம் விற்பனையில் இருக்காது என்பதே அவர் சொல்லாமல் விடுவது.

கோப்பு வடிவத் தேர்விலும் இதே கேள்வி எழுகிறது. ஒரே நிறுவனத்தின் உடைமையான வடிவம், அந்த நிறுவனம் மூடினால் அனாதையாகும். விதிமுறை பொதுவில் வெளியிடப்பட்ட வடிவத்தை யார் வேண்டுமானாலும் படிக்கும் மென்பொருளை எழுதிக்கொள்ளலாம். எந்த இழப்பும் இல்லாமல் வீடியோவைச் சுருக்கும் எஃப்எஃப்வி1 என்ற திறமூல முறையை ஐரோப்பியக் காப்பகங்கள் சில முன்னெடுத்து, 2021இல் இணையத் தரநிலை அமைப்பின் ஆவணமாகவும் அது பதிவானது; பெரிய நிறுவனங்கள் ஜேபெக் 2000 முறையையே விரும்புகின்றன. சிறிய காப்பகத்துக்கு முன்னதே ஏற்றது, ஏனெனில் அதற்கான மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. யூடியூபில் ஏற்றிவைப்பது பாதுகாப்பு ஆகாது என்பதைச் சொல்லாமல் விடவும் முடியாது. அங்கே ஏறும் படம் மறுசுருக்கத்துக்கு உள்ளாகிறது, உரிமைப் புகார் ஒன்றில் நீக்கப்படலாம், ஏற்றிய கோப்பு ஏற்றியபடியே திரும்பக் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

சட்டம் ஓரளவு துணைநிற்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் உரிமைக்காலம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்; 2012இன் திருத்தம், வணிக நோக்கற்ற பொதுநூலகம் தன்னிடம் உள்ள டிஜிட்டல் அல்லாத பிரதியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க இடமளிக்கிறது. ஆனால் நூல்களை நூலகங்களுக்கு ஒப்படைக்கக் கட்டாயப்படுத்தும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் திரைப்படத்தைத் தொடவில்லை. 1964இல் புணேயில் தொடங்கிய தேசியத் திரைப்படக் காப்பகத்தின் தொகுப்பு வளர்ந்ததற்கு, அதன் காப்பாளராக இருந்த பி.கே. நாயர் ஊர் ஊராகத் தேடி அலைந்ததே பெருங்காரணம். அக்காப்பகம் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. அரசின் திரைப்படப் பாரம்பரியத் திட்டத்தின் கீழ் படங்களைச் சீரமைக்கும் பெரும்பணி அங்கே நடக்கிறது. மும்பையில் 2014இல் உருவான ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் நடத்திவரும் பயிற்சிப் பட்டறைகளில் ஒன்று 2017இல் சென்னையில் நடந்தது. சுருளைக் கையாளத் தெரிந்தவர்களை உருவாக்கிய அத்தகைய பட்டறைகள் கோப்பைக் கையாளத் தெரிந்தவர்களை உருவாக்கவும் தேவை. சீரமைப்பு முடிந்த ஒவ்வொரு படமும் அத்தகைய ஒருவருக்கு ஆயுள்கால வேலையைக் கூட்டுகிறது.

டிஜிட்டலிலேயே பிறந்த படங்களைப் பற்றிய கவலை ஒருபுறம் வளர, ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் ஒரு பழைய முறையைக் கைவிடாமல் வைத்திருக்கின்றன. முடிந்த படத்தின் மூன்று நிறங்களையும் தனித்தனியாகப் பிரித்து, மூன்று கறுப்பு வெள்ளைப் பாலியெஸ்டர் சுருள்களில் பதித்து, குளிர்க்கிடங்கில் பூட்டிவிடுகிறார்கள். சாயம் இல்லாததால் நிறம் வெளிறாது, கருவிமாற்றம் இல்லாமலே நூற்றாண்டு தாங்கும், எதிர்காலத்தில் ஒரு விளக்கும் ஒரு வில்லையும் இருந்தால் படித்துவிடலாம். தமிழ்ப் படம் ஒன்றுக்கு இதைச் செய்ய விரும்பும் தயாரிப்பாளர், சுருளைக் கழுவித் தர ஒரு லேபைத் தேட வேண்டியிருக்கும். ஒரு காலத்தில் தென்னிந்தியப் படங்களுக்கெல்லாம் பிரிண்ட் போட்டுத் தந்த சென்னையின் லேப்கள் 2010களில் ஒவ்வொன்றாகச் சுருள் கழுவுவதை நிறுத்திவிட்டன.